பசிச் சான்றிதழ்

சாப்பிடாதவர்கள் உண்மையிலேயே சாப்பிடவில்லை என்று எழுதிக் கொடுப்பதற்காக அரசாங்கம் எனக்குச் சம்பளம் தருகிறது. பெண் பார்க்கப் போன மூன்று வீடுகளில் இதை விளக்கிச் சொல்லிப் பார்த்தேன். மூன்றிலும் காபி ஆறுவதற்குள் எழுந்து வர வேண்டியதாயிற்று. நான்காவது வீட்டில் 'சுகாதாரத் துறை' என்று பொதுவாகச் சொல்லி வைத்தேன். கல்யாணம் நடந்தது.

என் பெயர் நிவின். பதவி, உண்ணாநிலை மெய்ப்பிப்பு உதவியாளர், நிலை இரண்டு. இப்படி ஒரு பதவி பிறந்த கதை சுவாரசியமானது. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு தலைவர் சாகும்வரை உண்ணாவிரதம் என்று உட்கார்ந்து, பதினோராம் நாள் பழச்சாறு குடித்து, சாகாமல் எழுந்தார். டாக்டர் எடை பார்த்தார். நாலு கிலோ கூடியிருந்தது. யாரோ வழக்குப் போட்டார்கள், நீதிமன்றம் கேள்வி கேட்டது, அரசாங்கம் வெட்கப்பட்டது போல நடித்து ஒரு சட்டம் கொண்டுவந்தது. மனிதன் பொய் சொல்வான், வயிறு சொல்லாது என்பது அந்தச் சட்டத்தின் சாரம். அன்றிலிருந்து உண்ணாவிரதம் இருக்கும் எவரும் வயிற்றில் எங்கள் பட்டையைக் கட்டிக்கொள்ள வேண்டும்.

விதிகள் எளிமையானவை. எழுபத்திரண்டு மணி நேரம் சாப்பிடாமல் இருந்ததாகப் பட்டை சொன்னால், எந்த உத்தரவை எதிர்த்து உட்கார்ந்தாரோ அந்த உத்தரவை ஒரு வருஷத்துக்கு நிறுத்தி வைக்க வேண்டும். கலெக்டரே பந்தலுக்கு வந்து எழுதிக் கொடுக்க வேண்டும். நடுவில் சாப்பிட்டதாகப் பட்டை சொன்னால் அதோடு இணைந்த சின்னத் திரையில் சிவப்பு எரியும். மூன்று சிவப்பு விழுந்து நானும் கையெழுத்துப் போட்டால் 'உண்டார்' என்று சான்றிதழ். கோரிக்கை குப்பைக்குப் போகும். அதே கோரிக்கையை யாரும் மூன்று வருஷத்துக்குக் கிளப்ப முடியாது.

அந்தத் திங்கட்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு, கலெக்டர் அலுவலக வாசலில் நீலத் தார்ப்பாய்க்குக் கீழே உட்கார்ந்திருந்த மோனிஷாவுக்குப் பட்டை கட்டினேன். வயது நாற்பத்து நாலு. முப்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு தொடக்கப்பள்ளியில் பதினாலு வருஷமாகச் சத்துணவு சமைக்கிறவர். பள்ளியில் மொத்தம் பத்தொன்பது பிள்ளைகள். பத்தொன்பது பேருக்கு ஒரு பள்ளி எதற்கு என்று கேட்டு, அதை மூடி, ஆறு கிலோமீட்டர் தூரத்துப் பள்ளியோடு சேர்க்க உத்தரவு வந்திருந்தது. பஸ் கிடையாது. பாதி வழிக்கு ரோடும் கிடையாது.

பட்டையைப் பார்த்ததும் அவருக்குச் சந்தேகம். "கரண்டு வைக்கப் போறியளா சார்?"

"வைக்கலம்மா. உங்க வயித்துல ஏற்கெனவே ஓடுற கரண்டைத்தான் இது கேட்கும்."

"என் வயித்துலயா?"

"எல்லார் வயித்துலயும் ஓடுது. இரைப்பைக்கு மேல் பக்கத்துல ஒரு இடம் இருக்கு. அங்கேருந்து நிமிஷத்துக்கு மூணு தடவை சின்னதா ஒரு அலை கிளம்பும். அந்தத் தாளத்துக்குத்தான் தசை சுருங்கும், விரியும். சாப்பிட்டா அலை பெருசாகி, வரிசையா, விடாம ஓடும். சாப்பிடலன்னா வயிறு ரொம்ப நேரம் சும்மா கிடக்கும். ஒன்றரை மணி, ரெண்டு மணிக்கு ஒரு தடவை பெரிய அலையா ஒண்ணு வந்து, மேலேருந்து கீழ வரைக்கும் மிச்சம் மீதியைத் தள்ளி விட்டுட்டுப் போகும்."

"அதுதான் கடமுடான்னு சத்தம் போடுதா?"

"அதேதான்."

"அப்போ அது பசில அழுத சத்தம் இல்லியா? பெருக்குத சத்தமா?" மோனிஷா சிரித்தார். "என் அடுப்படிய விடச் சுத்தம்தான் போங்க."

எனக்கு அவரைப் பிடித்துப்போனது. இந்த வேலையில் அது நல்லதல்ல.

பத்தடி தள்ளி இன்னொரு பந்தல். பந்தல் என்று சொன்னால் அதைக் கட்டியவர்கள் வருத்தப்படுவார்கள். குளிர்சாதன வசதி, இரண்டு பெரிய திரை, செயற்கை அருவி எல்லாம் இருந்தது. அங்கே உண்ணாவிரதம் இருந்தவர் அனைத்துலக மக்கள் சீற்றப் பேரவையின் தலைவர் சீற்றச் செம்மல் அகிலேஷ். அனைத்துலகப் பேரவைக்கு இரண்டு தாலுக்காவில் கிளை உண்டு. அடுத்த வருஷம் செவ்வாய்க் கிரகத்துக்குப் போகும் ராக்கெட்டில் தன் தொகுதியின் மண்ணை ஒரு பிடி வைத்து அனுப்ப வேண்டும், அதுவரை அன்னம் தொட மாட்டேன் என்பது அவருடைய கோரிக்கை. கலெக்டருக்கும் ராக்கெட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை.

அவருக்கும் அன்று காலையில் பட்டை கட்டியவன் நான்தான். தொப்புளுக்கு மேலே தோலுக்கடியில் தீப்பெட்டி அளவில் ஒன்று தட்டுப்பட்டது. "சர்க்கரை தம்பி," என்றார் அவருடைய செயலாளர் பரணிதரன். "வயிறு மந்தமாயிடுச்சு. டாக்டர் தாளப்பெட்டி வெச்சிருக்கார்." சர்க்கரை நோயாளிகளுக்கு அப்படி ஒன்று வைப்பது உண்டுதான். சோம்பேறி இரைப்பைக்கு வெளியிலிருந்து தாளம் கொடுக்கும் பெட்டி. என்ன தாளம் கொடுக்கச் சொல்கிறோமோ அந்தத் தாளம் கொடுக்கும்.

தலைவரின் வரைபடம் அழகாக இருந்தது. சரியாகத் தொண்ணூறு நிமிஷத்துக்கு ஒரு பசி அலை, ஒரு நொடி முன்னே பின்னே இல்லை. நிஜ வயிறு நம் டவுன் பஸ் மாதிரி. வர வேண்டிய நேரத்துக்கு வராது, வந்தால் இரண்டாக வரும். இவ்வளவு ஒழுங்காகப் பசித்த ஒரு மனிதனை நான் பார்த்ததில்லை. ஆனால் ஒழுங்கு குற்றம் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. பச்சை. கையெழுத்துப் போட்டேன். வியாழன் வரை தினமும் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை பகல் பன்னிரண்டு பத்துக்குப் பேரவையின் இலவச ஆம்புலன்ஸ் வந்து தலைவர் பந்தலின் பின்பக்கம் நின்றது. கதவு திறந்தது. உள்ளே நோயாளி இல்லை, அண்டா இருந்தது. தம் உடைத்த வாசனை கலெக்டர் அலுவலகத்தின் மூன்றாவது மாடி வரைக்கும் போனதாகப் பிறகு சொன்னார்கள். சீரகச் சம்பா, புதினா, நெய். எனக்கே கண் சொருகியது.

பன்னிரண்டு பதினான்குக்கு மோனிஷாவின் திரை சிவப்பாயிற்று. உண்டார்.

நான் அவருக்கு எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். அவர் வாயில் தண்ணீர்கூட இல்லை.

"மோந்து பாத்தேன் சார், அதான்," என்றார், ஏதோ திருட்டை ஒப்புக்கொள்வது போல. "சமையக்காரி மூக்கு. உப்பு லேசாத் தூக்கல்."

விஷயம் புரிந்தது. வாய்க்குச் சோறு வருவதற்கு முன்பே வயிறு தயாராகிவிடும். வாசனை போதும், நினைப்பு போதும். மூளையிலிருந்து ஓர் உத்தரவு இறங்கி, பசித் தாளத்தை நிறுத்திச் சோற்றுத் தாளத்தை ஆரம்பித்துவிடும். நன்றாகப் பசித்த வயிறு இன்னும் சீக்கிரம் ஏமாறும். பட்டையை வடிவமைத்தவர்கள் இதை யோசிக்கவில்லை. சோதனைக்கு வந்தவர்களைக் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு வரச் சொல்லியிருப்பார்கள் போல.

மறுநாளும் அதே நேரம், அதே ஆம்புலன்ஸ், இரண்டாவது சிவப்பு. மேலதிகாரி ஷர்மிளா மேடத்துக்குப் போன் போட்டேன்.

"மேடம், பக்கத்துப் பந்தல்ல பிரியாணி இறக்குறாங்க. அந்த வாசனைக்கு இந்தம்மா வயிறு எழும்புது. சாப்பிடல மேடம், மோந்தாங்க. அவ்வளவுதான்."

"எந்தப் பந்தல்?"

"தலைவர் பந்தல்."

"அவர் உண்ணாநிலையில இருக்கார் நிவின். இன்னிக்குக் காலையிலகூட நீங்கதான் பச்சைன்னு கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கீங்க."

"பச்சைதான் மேடம். ஆனா..."

"உண்ணாநிலைப் பந்தலைச் சுத்தி இருநூறு மீட்டருக்கு உணவு வரக் கூடாதுன்னு சட்டம். எதுவும் வரலன்னு போலீஸ் ரிப்போர்ட் என் மேஜையில இருக்கு. அப்போ பிரியாணி இல்ல. இல்லாத பிரியாணிக்கு வாசனை எங்கேருந்து வரும்?"

"எனக்கே பசிக்குது மேடம்."

"அது உங்க சொந்தப் பிரச்சினை."

"சரி, கருவிக் கோளாறுன்னு எழுதலாமா?"

"எழுதலாம். விதியில இடம் இருக்கு. உங்க மேல விசாரணை வரும், சம்பளம் நிக்கும். அந்தம்மாவுக்கும் வேற பட்டை கட்டி முதல்ல இருந்து எழுபத்திரண்டு மணி நேரம் ஆரம்பிக்கணும். நாளைக்கு ஒரு நாள்தானே? பேசாம இருங்க."

பேசாமல் இருப்பதில் எனக்கு ஆறு வருஷ அனுபவம் உண்டு. ஆனாலும் அன்று சாயங்காலம் பரணிதரனைப் போய்ப் பார்த்தேன். நாளைக்கு இரண்டு மணி வரைக்கும் ஆம்புலன்ஸைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தச் சொல்லிக் கேட்டேன். அவர் நல்ல மனிதர். பல்லில் குத்திக்கொண்டிருந்த குச்சியை எடுத்துவிட்டுப் பேசினார்.

"ஆம்புலன்ஸை எதுக்குத் தம்பி நிறுத்தணும்? அந்தம்மா வயித்து மேல பட்டைக்குப் பக்கத்துல ஒட்டுற மாதிரி ஒரு தாளப்பெட்டி இருக்கு, தரேன். ஒரு ஆப்ரேஷனும் வேணாம். பசி அலை கடிகாரம் மாதிரி வரும். பிரியாணியைத் தின்னாலும் பச்சைதான். நம்ம பந்தல்ல தலைவர் பக்கத்துல வந்து உக்காரச் சொல்லுங்க. ஒரு போட்டோ எடுத்துக்கலாம்."

மோனிஷாவிடம் போய்ச் சொன்னேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒத்துக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சவும் செய்தேன். பள்ளிக்கூடம் தப்பிக்கும், அதுதானே முக்கியம் என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "பசிக்கிற வயித்துல எதுக்கு சார் பசி மிஷின்?"

தலைவலித் தைலம் ஒரு டப்பா வாங்கிக் கொடுத்து, நாளைக்குப் பதினொன்றரை மணியிலிருந்து மூக்கைச் சுற்றித் தடவிக்கொள்ளச் சொன்னேன். அரசாங்கத்தின் விஞ்ஞானத்துக்கு எதிராக என்னால் முடிந்த விஞ்ஞானம் அவ்வளவுதான்.

வியாழக்கிழமை. இரண்டு மணி வரைக்கும் தாங்கினால் போதும். பதினொன்றரைக்கு மோனிஷா முகமெல்லாம் தைலத்தோடு கண்ணீர் வழிய உட்கார்ந்திருந்தார். உதடு வெடித்திருந்தது. சமைக்கிற நினைப்பே வரக் கூடாது என்று ஒன்றிலிருந்து நூறு வரை எண்ணிக்கொண்டிருந்தார். ஆம்புலன்ஸ் வந்தது. அண்டா இறங்கியது. பன்னிரண்டு பதினான்கு. பன்னிரண்டு இருபது. பச்சை. பன்னிரண்டரை. பச்சைதான். காற்றும் எங்களுக்குச் சாதகமாகத் திரும்பி வாசனையை மறுபக்கம் கொண்டுபோயிற்று. காவலுக்கு நின்ற போலீஸ்காரர்கூட என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. யாராவது ஜெயிக்க வேண்டும் என்று இந்த வேலையில் நான் ஆசைப்பட்டது அதுதான் முதல் தடவை.

பன்னிரண்டு நாற்பதுக்கு ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. பத்தொன்பது பிள்ளைகளும் இறங்கினார்கள். மோனிஷாவுக்குப் பதிலாக இந்த நாட்களில் பள்ளியில் சமைக்கும் பெண் ஒரு பெரிய தூக்குவாளியோடு பின்னால் வந்தாள். பிள்ளைகள் யாரும் சொல்லாமலே இரண்டு வரிசையாகத் தரையில் உட்கார்ந்து, ஆளுக்கொரு எவர்சில்வர் தட்டை முன்னால் வைத்தார்கள்.

பத்தொன்பது தட்டு. டிங், டிங், டிங் என்று வரிசையாக.

பதினாலு வருஷமாக அதே நேரத்துக்கு அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் மோனிஷா அண்டா மூடியைத் திறந்திருக்கிறார். பிள்ளைகள் சாப்பிட்டு எழுந்ததும் மிச்சத்தில் தானும் சாப்பிட்டிருக்கிறார். மூக்கை அடைத்துவிட்டோம். காதை அடைக்க எனக்குத் தோன்றவில்லை.

திரையைப் பார்த்தேன். அலை மெல்ல எழும்பி, பெரிதாகி, நிமிஷத்துக்கு மூன்று என்று அழகாக ஓட ஆரம்பித்தது. வயிறு சோற்றுக்குத் தயாராகிவிட்டது. மூன்றாவது சிவப்பு.

மோனிஷாவும் பார்த்துவிட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. பட்டையின் மேல், மேடத்தின் மேல், பக்கத்துப் பந்தலின் அருவி மேல், எல்லாவற்றையும் விட நான்கு நாளாகப் பச்சை பச்சையாகக் கையெழுத்துப் போட்ட என் கையின் மேல். அவர் பக்கத்தில் போய்க் குனிந்தேன். "அம்மா, நான் கையெழுத்துப் போட மாட்டேன். கருவிக் கோளாறுன்னு எழுதப் போறேன். என்ன ஆனாலும் பாத்துக்கலாம். ஆனா முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். இன்னும் மூணு நாள். முடியுமா?"

"முடியும் சார்," என்றார் உடனே. "நான் இருந்துருவேன்." பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "நீங்க எதுக்குப் பிள்ளைகளா இம்புட்டுத் தூரம் வந்திய? சோறு ஆறுதுலா. சும்மா இருக்காம போடச் சொல்லுங்க, தின்னுங்க."

ஒருவரும் தட்டைத் தொடவில்லை.

முன்வரிசையில் இருந்த குழலி என்ற நாலாம் வகுப்புப் பெண்தான் பேசினாள். "நீங்க சாப்பிட்டாத்தான் நாங்க சாப்பிடுவோம் ஆயம்மா."

சமையல்காரப் பெண் மெதுவாகச் சொன்னாள். "செவ்வாக்கிழமைலருந்து ஒண்ணுகூடத் தட்டத் தொடலக்கா. மத்தியானச் சோறு அப்படியே மாட்டுக்குத்தான் போவுது. பாதிப் பிள்ளையளுக்கு வீட்டுல ராத்திரிதான் உலை வைப்பாவன்னு உங்களுக்குத் தெரியாதா? காலைல பிரேயர்ல சின்னவன் விழுந்துட்டான். அதான் உங்ககிட்டயே கூட்டியாந்தேன். நீங்க சொன்னாக் கேக்கும்னு பாத்தேன்."

மோனிஷா சொல்லிப் பார்த்தார். அதட்டினார். கெஞ்சினார். கடைசியில் அழுதும் பார்த்தார். பிள்ளைகள் அசையவில்லை. போராட்டம் எப்படி நடத்துவது என்று அவரிடமே கற்றுக்கொண்டவர்கள் அல்லவா.

"எத்தனை நாள்னாலும் இருப்போம்," என்றாள் குழலி. விழுந்த சின்னவன் அவள் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தான். ஆறு வயது இருக்கும்.

மோனிஷா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார். குரல் மற்றவர்களுக்குக் கேட்காதபடி தாழ்ந்திருந்தது.

"கோளாறுன்னு எழுதாதிய சார். சாப்பிட்டேன்னு எழுதிருங்க."

"நீங்க சாப்பிடலம்மா. எழுதினா பள்ளிக்கூடம் போயிடும். மூணு வருஷத்துக்கு யாரும் கேட்கவே முடியாது."

"போவட்டும். ஆறு கிலோமீட்டர் நடக்கும். நடக்கதுக்கு வயித்துல சோறு வேணும்லா?"

"சரி, அப்போ நிஜமாவே சாப்பிட்டுடுங்க. சோறு இருக்கு. அதுங்களும் பாக்கும்."

"அது மாட்டேன்." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மூணு நாள்னு பிள்ளையகிட்டச் சொல்லிட்டு வந்தேன். சட்டத்துக்கு நான் தின்னாச்சு. எனக்கு இன்னும் ஒரு மணி நேரம் பாக்கி இருக்கு. ரெண்டு மணி வரைக்கும் பச்சத்தண்ணி தொட மாட்டேன். நீங்க எழுதி அதுககிட்டக் காட்டுங்க."

எழுதினேன். ஆறு வருஷத்தில் எத்தனையோ பொய்க்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பட்டையைக் கழற்றிப் பெட்டியில் வைத்தேன். திரையை எடுத்துக்கொண்டு போய்க் குழலி முன்னால் பிடித்தேன். சிவப்பில் பெரிய எழுத்து. அவள் எழுத்துக்கூட்டி வாசித்தாள். உண்டார்.

"எப்போ சாப்பிட்டாவ?"

"நீங்க வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி."

அவள் மோனிஷாவைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "எங்களுக்காக ஆயம்மா பொய் சொல்லுவாவ. மிஷின் பொய் சொல்லாதுல்லா?"

"சொல்லாதும்மா," என்றேன்.

அவள் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தாள். பத்தொன்பது கைகளும் தட்டைப் பிடித்தன. மோனிஷா எழுந்தார். கால் தடுமாறியது, சமாளித்துக்கொண்டார். தூக்குவாளியைத் திறந்து வரிசையாகச் சாம்பார் சாதம் வைத்துக்கொண்டே போனார். சின்னவனுக்கு மட்டும் பிசைந்து உருட்டிக் கையில் கொடுத்தார். பிள்ளைகள் தலை நிமிராமல் வேகவேகமாகச் சாப்பிட்டார்கள்.

அந்த நேரம் பக்கத்துப் பந்தலில் மேளம் முழங்கியது. கலெக்டர் வந்திருந்தார். செவ்வாய்க்கு மண் அனுப்பும் கோரிக்கை உரிய இடத்துக்குப் பரிந்துரைக்கப்படும் என்று எழுதிக் கொடுத்து, தலைவருக்கு ஆரஞ்சுப் பழச்சாறு நீட்டினார். தலைவர் ஒரு வாய் குடித்துவிட்டு அழுதார். வயிறு நிறைந்திருந்ததால் மிச்சத்தை வைத்துவிட்டார். அந்தக் கட்டுப்பாட்டைப் பெரிய திரையில் இரண்டு தடவை போட்டுக் காட்டினார்கள்.

மேளம் நின்றது. பரிமாறி முடித்த மோனிஷா குழலிக்குப் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தார். மணி ஒன்று இருபது. அப்போதுதான் அது வந்தது. எந்தப் பட்டையும் இல்லாமல், பத்தடிக்கு அப்பால் நின்ற எனக்கே கேட்கும்படி, மேலிருந்து கீழ்வரை உருண்டு போகிற நீளமான சத்தம். மூன்று நாள் காலியாகக் கிடந்த வயிற்றின் நிஜமான பசி அலை. இருபது நிமிஷம் முன்பு நான் பட்டையைக் கழற்றாமல் இருந்திருந்தால் அது பதிவாகியிருக்கும்.

குழலியின் கை வாய்க்குப் போகிற வழியில் நின்றுவிட்டது. "ஆயம்மா வயித்துல என்ன சத்தம்?"

மோனிஷா என்னைப் பார்த்தார்.

நான் துறையின் ஆள். வயிற்றைப் பற்றி நான் சொன்னால்தான் செல்லும். "சாப்பிட்ட சோறு செரிக்குதும்மா," என்றேன்.

குழலி நம்பினாள். தட்டை நீட்டி இன்னொரு கரண்டி கேட்டாள்.